செவலையின் பத்தியம்

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் கூடினால், பேச்சு எங்கே ஆரம்பித்தாலும் வயிற்றில் வந்துதான் நிற்கிறது. காலையில் போனதா, போகவில்லையா, எந்த மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னால், எது பின்னால், பலாப்பழம் ஒத்துக்கொள்கிறதா. ஒத்தக்கடையில் நான் இருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பில் மாலை நடைக்கு வரும் ஆறு பெண்களுக்கும் இதுதான் வேலை. ஆகவே இந்த வருட மாட்டுப் பொங்கலன்று நான் போட்ட சண்டை வேறு யாருக்குப் புரியாவிட்டாலும் உங்களுக்குப் புரியும் என்று நம்புகிறேன்.

எங்கள் குடியிருப்பில் மாடு ஏது? ஆகவே சங்கத்துக்காரர்கள் பால்காரர் ஒருவரிடம் சொல்லி ஒரு பசுவை வரவழைத்திருந்தார்கள். குளிப்பாட்டி, கொம்புக்கு நீலமும் மஞ்சளும் பூசி, கார் நிறுத்தும் இடத்தில் கட்டியிருந்தார்கள். அறுபது வீடு. வீட்டுக்கு ஒரு தட்டு சர்க்கரைப் பொங்கல், மேலே இரண்டு வாழைப்பழம். ஏழாவது தட்டு வந்தபோது நான் மாட்டுக்கு முன்னால் போய் நின்றுகொண்டேன்.

"ஆன்ட்டி, சாமி காரியம். குறுக்க நிக்காதீங்க," என்றார் சங்கத்துச் செயலாளர். என் மகன் வயது.

"சாமிக்குப் படைங்க, யாரு வேணாங்குறா? மாட்டுக்குப் புல்லு போடுங்க," என்றேன்.

கைப்பேசியில் படம் எடுக்க வந்த பிள்ளைகள் என்னைத்தான் படம் எடுத்தார்கள். பால்காரர் மட்டும் தலையைக் குனிந்து சிரித்தார். வேண்டாம் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை, பாவம். கடைசியில் மற்றவர்கள் ஆளுக்கு ஒரு கட்டு அகத்திக்கீரை கொடுத்து முடித்துக்கொண்டார்கள். அன்றிலிருந்து எனக்குக் குடியிருப்பில் 'பொங்கல் தடா ஆன்ட்டி' என்று பெயர். இருந்துவிட்டுப் போகட்டும். அதற்குக் காரணமான தை மாதத்தைத்தான் உங்களுக்குச் சொல்ல உட்கார்ந்திருக்கிறேன்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. அவனியாபுரத்தில் வாடகை வீடு. அப்போது அங்கே வீடுகளுக்கு நடுவில் வயல் இருந்தது என்று சொன்னால் இன்றைக்குப் பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். அப்பா ஆரம்பப் பள்ளி ஆசிரியர். வீடு சைவம்; முட்டை கூட வாசற்படி தாண்டியதில்லை. பின்பக்கம் ஓலைக் கொட்டகையில் ஒரே ஒரு நாட்டு மாடு. சிவப்பாக இருந்ததால் செவலை. அதற்கு நெற்றியில் ஐந்து பைசா அளவுக்கு ஒரு வெள்ளைச் சுழி. பள்ளிவிட்டு வந்து நான் முதலில் போய் நிற்பது அதன் முன்னால்தான். உள்ளங்கையில் உப்பு வைத்து நீட்டினால், அரம் போன்ற நாக்கால் ஒரு இழு இழுக்கும். உடம்பே சிலிர்த்துப்போகும்.

செவலைக்கு வைக்கோல், வரப்பில் அறுத்த புல், கழுநீரில் கரைத்த ஒரு பிடி புண்ணாக்கு. இவ்வளவுதான் சாப்பாடு. கல்தொட்டியில் வாயை வைத்து அது உறிஞ்சும் சத்தம் அடுப்படி வரை கேட்கும். மத்தியானத்தில் படுத்துக்கொண்டு அசைபோட ஆரம்பித்தால், உலகத்தில் அதற்கு ஒரு கவலையும் இல்லை என்று தோன்றும்.

மார்கழிக் கடைசியில் ஒருநாள் சாப்பிடும்போது அப்பா அம்மாவிடம் சொன்னார். "பொங்கல் கழியட்டும். செவலைய ஒந்தம்பி வீட்டுக்கு அனுப்பிருவோம். பாலும் கொறஞ்சு போச்சு. சுத்தி வீடா வந்துருச்சு, புல்லுக்கு எங்க போறது?"

மாமாவுக்குத் திருமங்கலம் பக்கம் தோட்டம் இருந்தது. அம்மா அப்பாவின் இலையில் இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். என்னிடம் யாரும் கேட்கவில்லை. சின்னப் பிள்ளைக்கு என்ன தெரியும் என்று நினைத்திருப்பார்கள். அன்றைக்கு அப்பாவை எனக்குக் கொஞ்சம் கூடப் பிடிக்கவில்லை.

என் காதில் விழுந்தது ஒன்றே ஒன்று: பால் குறைந்துவிட்டது. அப்படியானால் பாலைக் கூட்டிவிட்டால் போதும். எதிர்வீட்டு அக்காவுக்குக் குழந்தை பிறந்தபோது பால் ஊற வேண்டும் என்று வீடே விழுந்து விழுந்து சமைத்துப் போட்டதைப் பார்த்திருக்கிறேன். நல்ல சாப்பாடு கொடுத்தால் பால் வரும். எங்கள் வீட்டில் நல்ல சாப்பாடு என்றால் அரிசி. வீட்டில் மனுசருக்கு நல்லது எதுவோ அது மாட்டுக்கும் நல்லதாகத்தானே இருக்க வேண்டும்? ஒன்பது வயதுக்காரியின் கணக்கு இது. பெரியவர்கள் கணக்கும் இதேதான் என்பது பிறகுதான் தெரிந்தது.

அரிசி டின்னுக்குப் பக்கத்தில் ஒரு சாக்கில் குருணை, அதாவது நொய்யரிசி, இருக்கும். தினமும் சாயங்காலம் ஒரு உழக்கு அளந்து, பாவாடைக்குள் மறைத்து எடுத்துப்போய்த் தொட்டியில் கொட்டுவேன். செவலை அதை நக்கி நக்கித் தின்னும். தின்றுவிட்டு என் முகத்தைப் பார்க்கும். என்னவென்று சொல்வேன், எனக்கு அவ்வளவு சந்தோஷம். நாலைந்து நாளில் பால் கொஞ்சம் கூடவும் செய்தது. அம்மா செம்பைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "என்ன அதிசயமா இருக்கு?" என்றாள். நான் வாயை மூடிக்கொண்டு உழக்கை ஒன்றரையாக்கினேன்.

பொங்கலன்று ஊரே ஜல்லிக்கட்டில் இருந்தது. மறுநாள் மாட்டுப் பொங்கல். செவலையை அம்மா மஞ்சள் தேய்த்துக் குளிப்பாட்டினாள். கழுத்தில் கரும்புத் துண்டும் நெட்டி மாலையும். எங்கள் தெருவில் மாடு இருந்த வீடு எங்களுடையது மட்டும்தான். ஆகவே தெருவில் பொங்கல் வைத்த அத்தனை வீட்டுப் பெண்களும் இலையில் எடுத்துக்கொண்டு வரிசையாக வந்தார்கள். ஊட்டிவிட்டு, நெற்றியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. இன்னும் வராத வீடுகளுக்கு நானே ஓடிப்போய், "எங்க மாட்டுக்கு நீங்க குடுக்கலையே?" என்று கூப்பிட்டு வந்தேன். எல்லோரும் போன பிறகு, இன்றைக்குத் திருநாளாயிற்றே என்று, நான் ஒளித்து ஊறவைத்திருந்த குருணை இரண்டு படியையும் தொட்டியில் கவிழ்த்தேன்.

அடுத்த நாள், ஊரே கறி எடுத்துச் சமைக்கும் கறிநாள். காலையில் பால் கறக்கப் போன அம்மா வெறும் செம்போடு திரும்பி வந்தாள். செவலை எழுந்திருக்கவில்லை. கழுத்தைத் திருப்பி விலாவின் மேல் வைத்துக்கொண்டு படுத்திருந்தது. பல்லை நறநறவென்று கடித்தது. சாணம் தண்ணீராகப் போயிருந்தது. கொட்டகை முழுக்க ஒரு புளித்த வாடை. சாணி வாடையே இல்லை. கண் இரண்டும் உள்ளே போய்விட்டது. நான் உப்பு நீட்டினேன். நாக்கு வெளியே வரவேயில்லை.

"தெருக் கண்ணு பூராம் நேத்து இது மேலதான். என்னமாச்சும் ஆகாம இருக்குமா?" என்று அம்மா மிளகாயும் உப்பும் சுற்றி அடுப்பில் போட்டாள். பிறகு, வெறும் வயிற்றோடு கிடக்கிறதே என்று ஒரு செம்பு அரிசிக் கஞ்சியை மூங்கில் குழாயில் ஊற்றிப் புகட்டினாள். சாப்பிடாதவர்களுக்குக் கஞ்சி கொடுப்பதைத் தவிர அவளுக்கு வேறு வைத்தியம் தெரியாது. கஞ்சி உள்ளே போனதும் செவலை இன்னும் முனகியது. அப்பா சட்டையைக் கூடச் சரியாகப் போடாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு மாட்டு டாக்டரைத் தேடிப் போனார்.

டாக்டர் சின்ன வயது. அரசு ஆஸ்பத்திரிக்குப் புதிதாக வந்தவர். விடுமுறை நாளில் இழுத்துவரப்பட்ட கடுப்பு முகத்தில் தெரிந்தது. வந்தவர் பேசாமல் செவலையின் இடது விலாவில் கையை வைத்து அழுத்தினார், காதை வைத்துக் கேட்டார், சாணத்தை விரலில் தொட்டு மோந்து பார்த்தார். பிறகு எழுந்து, "என்ன குடுத்தீங்க?" என்று கேட்டார்.

"எப்பவும் போல வைக்கோல்தான் டாக்டர். நேத்து பொங்கல். ஒரு கைப்பிடி..." என்றாள் அம்மா.

"ஒரு கைப்பிடி," என்றார் டாக்டர். "காலைலருந்து நான் பாக்குற நாலாவது மாடும்மா இது. நாலும் ஒரு கைப்பிடி தின்னுதான் படுத்துருக்கு."

அப்பா தொட்டிப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

டாக்டர் குரலைத் தணித்தார். "சார், மாடு தின்னுறது நேரா அது உடம்புக்குப் போறதில்ல. வயித்துக்குள்ள கண்ணுக்குத் தெரியாத கிருமி கோடிக்கணக்குல இருக்கு. நீங்க போடுற வைக்கோல அதுதான் தின்னு செரிக்க வச்சு, மாட்ட வளக்குது. அதுக்குப் பழக்கம் வைக்கோலு, புல்லு. திடீர்னு அரிசியும் வெல்லமும் அள்ளிப் போட்டா, தோசை மாவு பொங்குறது மாதிரி உள்ள புளிச்சுப் பொங்கிரும். அந்தப் புளிப்புல நல்ல கிருமி பூராம் செத்துப்போகும். கொஞ்சமாத் தின்னுருந்தா மருந்து குடுத்துட்டு நான் போயிருவேன், பொழைச்சுக்கும். நெறையத் தின்னுருந்தா குழாய் விட்டு உள்ள இருக்குறத வெளிய எடுத்தாகணும். இல்லைன்னா சாயங்காலம் வரைக்கும் தாங்காது. தேவையில்லாமக் குழாய விட்டாலும் இந்த நெலமைல இதுக்கு ஆபத்து. நீங்க சொல்றத வச்சுத்தான் நான் முடிவு பண்ணணும். நெசமா எம்புட்டு?"

செவலை பல்லைக் கடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

அப்பா பள்ளியில் பிரம்பு வைத்திருப்பவர். ஆனால் சாயங்காலம் வரைக்கும் தாங்காது என்று டாக்டர் சொன்னதுதான் காதுக்குள் திரும்பத் திரும்பக் கேட்டது. "நான் குருணை போட்டேன். தெனமும் போட்டேன். நேத்து ரெண்டு படி," என்றேன். அழுகையில் பாதி யாருக்கும் புரிந்திருக்காது. "பால் கூடுனா அனுப்ப மாட்டீங்கன்னு போட்டேன்."

அப்பாவின் கை மேலே போனது. அடி விழப்போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டேன். விழவில்லை. கண்ணைத் திறந்தபோது அந்தக் கை அவர் நெற்றியில் இருந்தது.

அதற்குள் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு விசும்ப ஆரம்பித்துவிட்டாள். "நானும்தான் டாக்டர். நேத்து பூசை முடிஞ்சதும் சர்க்கரைப் பொங்கலப் பானையோட வச்சுட்டேன். வெண்பொங்கல் ரெண்டு பானை வச்சதுலயும் ஒண்ணு அதுக்குத்தான். பெறந்த வீட்டுக்குப் போற பொண்ணு மாதிரி போகுதே, வயிறு நெறைய அனுப்புவோமேன்னு..."

"இவங்க ரெண்டு பேரும் குடுத்தது பொங்கலும் குருணையும். சார், நீங்க?" என்றார் டாக்டர்.

அப்பா கொட்டகைக் கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். வகுப்பில் விடை தெரியாத பையன் நிற்பது மாதிரி இருந்தது. "கம்பு," என்றார். "பத்து நாளா சாயங்காலம் வரும்போது வாங்கியாந்து போட்டேன். நேத்து மத்தியானம் இவங்க ரெண்டு பேரும் படுத்துருந்தப்ப ரெண்டு படி ஊறவச்சுப் போட்டேன். ஒரு தார் பழமும் குடுத்தேன். போற எடத்துல இதெல்லாம் யாரு போடுவா டாக்டர்?"

நானும் அம்மாவும் அவரையே பார்த்தோம். மாட்டை அனுப்பச் சொன்னவர் அவர். பத்து நாளாக நான் முகம் கொடுத்துப் பேசாதவர். அன்றைக்கு அந்தக் கொட்டகையில் அவர் முகத்தைப் பார்த்தபோது வந்த துக்கம், இத்தனை வருடம் கழித்து எழுதும்போதும் அப்படியே இருக்கிறது.

டாக்டர் சிரிக்கவில்லை. "இப்பவாச்சும் சொன்னீங்களே," என்று மட்டும் சொல்லிவிட்டு, குழாய் எடுத்துவர ஆஸ்பத்திரிக்கு ஓடினார். திரும்பி வந்து, மூன்று பேர் பிடித்துக்கொள்ள, செவலையின் வாய் வழியாகக் குழாயை இறக்கினார். வெந்நீர் ஊற்றி ஊற்றி வாளி வாளியாக எடுத்தார். நாங்கள் மூன்று பேரும் ஆசை ஆசையாகப் போட்டதெல்லாம் புளித்த கூழாக வெளியே வந்தது. அந்த நாற்றத்தில் மூன்று பேருக்கும் தலை நிமிரவில்லை. பிறகு சோடா உப்பைக் கரைத்து உள்ளே விட்டார்.

"இனிமேத்தான் முக்கியம். உள்ள நல்ல கிருமி மிச்சமில்ல. நல்லா இருக்குற ஒரு மாட்டோட இரைப்பைத் தண்ணி கெடைச்சா, இது பொழைச்சுக்கும்," என்றார்.

"பக்கத்துத் தெருவுல மாடு இருக்கு, கேட்டுப் பாக்கவா?" என்றார் அப்பா.

"எந்தத் தெருவுல சார்? எல்லா மாடும் நேத்து பொங்கல் தின்ன மாடுதான்." டாக்டர் கொஞ்சம் தயங்கினார். வீட்டுச் சுவரில் இருந்த திருநீற்றுப் பட்டையைப் பார்த்திருப்பார். "இன்னைக்குக் கறிநாள். கடைல வெட்டுற ஆடு நேத்து வரைக்கும் காட்டுல மேஞ்ச ஆடு. அதோட இரைப்பைத் தண்ணி போதும். சூடா வேணும். ஆறிப் போனா பிரயோசனமில்ல."

அம்மா சுவரோடு சாய்ந்துவிட்டாள். கறிக்கடை இருக்கும் பக்கம் காற்று வீசினால் துண்டால் மூக்கை மூடிக்கொள்கிறவர் அப்பா. அவர் ஒரு நிமிடம் செவலையைப் பார்த்தார். பிறகு உள்ளே போய் பால் தூக்குவாளியை எடுத்து வந்தார். என்னைத் தூக்கிச் சைக்கிள் பாரில் உட்காரவைத்தார். "வாளிய நீதான் பிடிச்சுக்கணும்," என்றார். திட்டுவார் என்று பார்த்தேன். அதற்குள் சைக்கிளை மிதிக்க ஆரம்பித்துவிட்டார்.

கறிக்கடையில் திருவிழாக் கூட்டம். வரிசையில் பாதிப் பேர் அப்பாவிடம் படிக்கும் பிள்ளைகளின் தகப்பன்மார். அப்பாவைப் பார்த்ததும் ஒவ்வொருவராகப் பேச்சை நிறுத்தினார்கள்.

"வாத்தியாரய்யா, பாதை மாறி வந்துட்டீகளா?" என்றார் கடைக்காரர்.

"இல்லண்ணே. மாடு படுத்துருச்சு. ஆட்டு இரைப்பைத் தண்ணி வேணுமாம்," என்றார் அப்பா. குரல் எழும்பவேயில்லை.

கடைக்காரர் வேறு கேள்வி கேட்கவில்லை. வரிசையில் நின்றவர்களைப் பார்த்து, "கொஞ்சம் பொறுங்கப்பா, உசுரு விசயம்," என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அடுத்தடுத்து வெட்டிய மூன்று ஆடுகளின் இரைப்பையைப் பிழிந்து வாளி நிறையத் தந்தார். பச்சைப் புல் வாடை. எனக்கு அது கெட்ட வாடையாகவே தெரியவில்லை. அப்பா தோளிலிருந்த துண்டை எடுத்து வாளியைச் சுற்றினார். "ஆறிரக் கூடாது தாயி. வயித்தோட அணைச்சுக்க," என்றார். அந்தச் சூட்டை வயிற்றில் வைத்துக்கொண்டு நான் வந்தேன். அப்பா மூச்சு வாங்க மிதித்தார்.

அம்மா தன் பழைய சேலையைக் கிழித்து, மூக்கால் மூச்சு விடாமல், அந்தப் பச்சைத் தண்ணியை அவளே வடிகட்டிக் கொடுத்தாள். டாக்டர் அதைக் குழாய் வழியாகச் செவலையின் வயிற்றுக்குள் விட்டார்.

மறுநாள் மத்தியானம் நாங்கள் மூவரும் கொட்டகையில்தான் உட்கார்ந்திருந்தோம். சோறு யாருக்கும் இறங்கவில்லை. செவலையின் கழுத்தில் ஒரு உருண்டை அடியிலிருந்து மேலே ஏறியது. வாய் ஒரு பக்கமாக அசைந்தது. நின்றது. மறுபடி அசைந்தது. "அசைபோடுது!" என்று அம்மா கத்திய கத்தலில் பக்கத்து வீட்டிலிருந்து ஓடி வந்துவிட்டார்கள். அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். வேலிப்பக்கம் திரும்பி நின்றுகொண்டு வெகுநேரம் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் வந்த டாக்டர் பத்தியம் சொன்னார். "வெறும் வைக்கோலு, கொஞ்சம் பச்சைப் புல்லு. அரிசி, கம்பு, பழம் எதுவும் கண்ணுல காட்டாதீங்க. இடத்தையும் தீவனத்தையும் மாத்தக் கூடாது. பதினஞ்சு நாள். அதுக்கப்புறம் நீங்க எங்க வேணாலும் அனுப்பலாம்." மூன்று பேரும் தலையாட்டினோம்.

தை கழிந்து மாசி பிறந்து மாமா வந்தார். மாட்டைப் பிடித்துப்போகப் புதுக் கயிறு வாங்கி வந்திருந்தார். அப்பா செவலைக்கு வைக்கோலை உதறி உதறிப் போட்டுக்கொண்டிருந்தார்.

"டாக்டர் எடத்த மாத்தக் கூடாதுன்னு சொல்லிருக்காரு மாப்ள," என்றார், திரும்பாமல்.

"எம்புட்டு நாளைக்கு மச்சான்?"

"அது... தீவனம் மாறுனா இதுக்கு ஆகாதாம். நாள் கணக்கு ஒண்ணும் சொல்லல."

மாமா அம்மாவைப் பார்த்தார். "அப்படியாக்கா?"

"ஆமாடா. ரொம்பக் கண்டிப்பாச் சொல்லிட்டாரு," என்றாள் அம்மா. காபி டம்ளரை நீட்டிய கை கொஞ்சம் கூட ஆடவில்லை.

மாமா என் பக்கம் திரும்பினார். "ஏத்தா, டாக்டர் சொன்னப்ப நீயும் பக்கத்துலதான இருந்த?"

அப்பா வைக்கோலை உதறுவதை நிறுத்திவிட்டார்.

"ஆமா மாமா," என்றேன். "வருசக் கணக்காகுமாம்."

மாமா எங்கள் மூன்று பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். காபியைக் குடித்து முடித்தார். புதுக் கயிற்றைச் செவலையின் கொட்டகைக் கம்பில் மாட்டிவிட்டு, "அப்ப நான் வாரேன் மச்சான்," என்று வெறுங்கையோடு திருமங்கலம் பஸ் ஏறினார்.